மண்டை யாருடையது

அந்த மண்டை என்னுடையது என்றுதான் முதலில் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், பாரிஸ் நகரத்தில், பட்டப்பகலில், கழுத்தில் கேமரா தொங்க நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து ஒரு தமிழர் "மண்டையிலை போட்டிடுவாங்கள்!" என்று கத்தினால் அவன் வேறு யாருடைய மண்டையை நினைப்பான்? எங்கள் திருச்சியில் ஒருவன் "மண்டையில போட்டுடுவேன்" என்றால் எதிரே நிற்பவனின் மண்டையைத்தான் சொல்வான். அதனால் ஓடினேன். அவர் சொன்னது இன்னொருவருடைய மண்டை. அதை ஆபத்தில் கொண்டு போய் வைத்தவன் நான். இது எனக்கு உறைப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதற்கு முந்தைய நாளை நினைத்தால் கோபம் வருகிறது. கோபம்தான் அதிகம்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் படமெடுத்துக் கோப்பில் ஒட்டுவேன். ஆறு நாள் பம்பரையே பார்த்துச் சலித்துப்போய், ஏழாம் நாள் எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்தாரோடு தெருவில் இறங்கி மனிதர்களை எடுப்பேன். இலங்கையில் போர் முடிந்ததற்கு அடுத்த வருடம், ஐப்பசி மாதத்தில், ஒரு சுற்றுலாக் குழுவோடு பன்னிரண்டு நாளில் ஐந்து ஐரோப்பிய நகரங்களைப் பார்க்கக் கிளம்பினேன். மற்றவர்கள் ஊறுகாய் எடுத்து வந்தார்கள். நான் வலையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்து வந்தேன். எந்த நகரத்தில் எந்த முனையில் நின்றால் நல்ல தெருப்படம் கிடைக்கும் என்ற பட்டியல்கள்.

அந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எழுத முடியாது. ரோம் நகரத்தில் 'யாரும் அறியாத படிக்கட்டு' என்று போட்டிருந்தார்கள். தேடிப் போனால் அங்கே பதினோரு பேர், பதினோரு பேர் கையிலும் கேமரா. ஒரு மனிதரும் வரவில்லை. கடைசியில் ஒரு பூனை வந்தது. பதினோரு பேரும் பூனையை எடுத்தோம். அது பழகிய பூனை. பாதிப் படியில் நின்று, திரும்பி, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிற்று. ஆம்ஸ்டர்டாமில் சொன்ன பாலத்தில் நின்றேன். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். திட்டும் முகங்கள் மட்டும் நாற்பது கிடைத்தன.

பாரிஸுக்கான தாளில் கடைசி வரி லா சப்பல். 'குட்டி யாழ்ப்பாணம். நிறங்கள், மசாலா வாசனை, புன்னகை முகங்கள். இங்குள்ள மக்கள் கேமராவைப் பொருட்படுத்துவதில்லை.'

பொருட்படுத்துவதில்லையாம்! யாரைக் கேட்டு எழுதினான்? ஒருவரிடமாவது கேட்டானா? இந்தக் கேள்வி எனக்கு இப்போது வருகிறது. அன்று வரவில்லை. அன்று நான் அந்த வரியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதோடு விடாமல் என் பங்குக்கு ஒரு மடத்தனத்தையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளைக்காரனையே பொருட்படுத்தாதவர்கள் என்னையா கேட்கப் போகிறார்கள்? நானும் தமிழன், அவர்களும் தமிழர்கள். பெரியப்பா வீட்டு அடுப்பங்கரைக்குள் போக யாராவது கதவைத் தட்டுவார்களா?

குழுவினர் ஏதோ அரண்மனைக்குப் போன நாளில் நான் மெத்ரோ பிடித்து லா சப்பலில் இறங்கினேன். அங்கே ரயில் தலைக்குமேல், இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. பாலத்துக்குக் கீழே தூண்கள், தூண்களுக்கு நடுவே வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. கேமரா வைத்திருப்பவனுக்கு அதைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும். ஆனால் நான் நின்ற இடத்தில் வெயில் இருந்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் வெயில் இல்லை. ஒரு மணி நேரம் கொக்கு மாதிரி நின்றுவிட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் நுழைந்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தியாவோ?"

"ஆமா சார். திருச்சி."

"திருச்சியோ! நாங்கள் அங்கை ரெண்டு வரியம் இருந்தனாங்கள். என்ன, கழுத்திலை பெரிய கமெரா? கலியாண வீடோ?"

"இல்ல சார், தெருவுல ஆளுங்களை எடுக்கிறது. நல்லா வெளிச்சம் விழற இடமா ஒண்ணு சொல்லுங்களேன்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிற ஆள்தானா என்று யோசித்திருப்பார்.

"வெளிச்சமெண்டால், அந்த முடக்கிலை போய் நில்லுங்கோ. இந்த நேரம் வெயில் பாலத்துக்குக் கீழாலை வந்து அப்பிடியே சுவரிலை விழும். சாமான் இறக்கிற பெடியள் எல்லாரும் அதுக்குள்ளாலைதான் போகவேணும்."

"முடக்கா?"

"ஓம், முடக்கு."

எங்கள் பக்கம் முடக்குவாதம் என்றால் கை கால் வராமல் போவது. நான் முழித்ததைப் பார்த்து அவர் முழங்கையை மடக்கிக் காட்டினார். தெரு வளைகிற இடம். நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.

அவர் சொன்ன இடம், என் ஐந்து நகரப் பட்டியல்களையும் கிழித்துப் போடலாம் போல இருந்தது. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருப்பக்கம் திரும்பும் வளைவில், மளிகைக் கடைச் சுவரில் ஒரு வேட்டி அகலத்துக்கு வெயில். மற்றதெல்லாம் நிழல். வேனிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. முருங்கைக்காய்ப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார், முப்பதைத் தாண்டியவர், நீல ஏப்ரன் கட்டியிருந்தார். அவர் வெயிலுக்குள் காலெடுத்து வைத்தபோது முகத்தில் பாதி ஒளிர்ந்தது. மூன்று படம் எடுத்தேன். இரண்டாவது படத்தில் அவர் நேராக என்னைப் பார்த்தார். இருபது வருடமாக நான் எடுத்த எந்தப் படமும் அதன் பக்கத்தில் நிற்காது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தோளில் பெட்டி, பின்னால் வேன்காரரின் அதட்டல். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தேன். பாராட்டத்தான் வாயைத் திறந்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டேன். "வன்னிப் பெடியன். வந்து நாலைஞ்சு மாசம் வரும்" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு விடுதியில், அறையில் கூடத் தங்கியிருந்தவரின் மடிக்கணினியை இரவல் வாங்கி, எங்கள் சங்கத்தின் வலைப்பக்கத்தில் படத்தை ஏற்றினேன். கீழே தலைப்பு வேறு: 'வன்னியிலிருந்து பாரிஸ் வரை. இடம்: லா சப்பல்.' அவர் தலைக்குமேலே கடையின் பெயர்ப்பலகை தெளிவாக விழுந்திருந்தது. முகம், சொந்த ஊர், தெரு, வேலை செய்யும் கடை. விபத்துக் கோப்புக்குத் தேவையான விவரம் ஒன்று விடாமல் கொடுத்திருந்தேன். பழக்கதோஷம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி அதே முடக்கு. ஆசை யாரை விட்டது? வெயில் இன்னும் சரியாக விழவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீல ஏப்ரன் என்னை நோக்கி வேகமாக வந்தது.

"அண்ணை! நேற்று என்னைப் படம் எடுத்தனீங்களெல்லோ?"

"ஆமா சார். அருமையா வந்திருக்கு."

"அதைப் போடாதேங்கோ அண்ணை. ஒரு இடத்திலையும் போடாதேங்கோ. போட்டீங்களெண்டால் மண்டையிலை போட்டிடுவாங்கள்!"

தமிழில் ஒரு வசதி உண்டு. யார், யாரை என்று சொல்லாமலே ஒரு கொலையைச் சொல்லி முடித்துவிடலாம். அவர் குரல் உயர்ந்திருந்தது, கை என் கேமராப் பக்கம் நீண்டிருந்தது. சுற்றுலா வழிகாட்டி முதல்நாளே, "அந்தப் பக்கம் கோஷ்டிகள் உண்டு, கேமரா பத்திரம்" என்று காதில் ஓதியிருந்தார். எல்லாம் ஒன்றுசேர்ந்தது. "சார், விட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. ரூ பிலிப்-து-ஜிராரில் வடக்கே ஓடினேன். புடவை கட்டிய பொம்மைகள், நகைக்கடை, முடிவெட்டும் கடை எல்லாம் பின்னால் போயின. கேமரா நெஞ்சில் குத்துகிறது. "அண்ணை, நில்லுங்கோ!" என்ற குரல் பின்னாலேயே வருகிறது. அண்ணை என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே ஒருவன் மண்டையைப் பிளக்க வருவானா என்று யோசிக்க மூளையில் ரத்தம் இல்லை. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ வாசல் வரை போய், டிக்கெட் எந்தப் பையில் என்று தெரியாமல், வேறொரு தெருவில் இறங்கித் திரும்பி ஓடினேன். அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த கதவு ஒன்றே ஒன்று. என் சொந்தக் காலால் அந்தத் தேநீர்க் கடைக்குள்ளேயே போய் விழுந்தேன்.

"என்னண்ணை இப்பிடி மூச்சு வாங்குது?" என்றார் கடைக்காரர். "இருங்கோ. ஆறுதலா இருங்கோ."

ஆறுதல்! எங்கள் ஊரில் ஆறுதல் சொல்வது எழவு வீட்டில். இவர் முன்கூட்டியே சொல்கிறாரே என்று வாசலைப் பார்த்தேன். அவசரப்படாமல் இருங்கள் என்பதற்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதற்குள் அவர் கைபேசி அடித்தது. எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஓம். ஓம், ஆள் இஞ்சைதான் இருக்கிறார். கெதியா வா."

கழிப்பறை ஜன்னல் எவ்வளவு அகலம் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு வந்தபோது நீல ஏப்ரன் உள்ளே வந்தது. அவருக்கும் மூச்சு வாங்கியது.

"ஏன் அண்ணை ஓடினனீங்கள்?"

"நீங்கதானே சார் மண்டையில போடுவேன்னீங்க?"

"நானோ?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உவரோ? உவர் கையாலை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கூடக் கீழை போடமாட்டார்."

நீல ஏப்ரன்காரர் சிரிக்கவில்லை. "நான் போடுவன் எண்டு சொல்லேல்லை அண்ணை. போட்டிடுவாங்கள் எண்டு சொன்னனான்."

"யாரை?"

"என்ரை தம்பியை."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அவருடைய தம்பி, போர் முடிந்தபோது பிடிபட்டு இலங்கையில் இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்தார். அண்ணன் எங்கே என்று விசாரித்தவர்களிடம், கடைசிச் சண்டையில் செத்துவிட்டார் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் தாயும் அதையே சொன்னார். சொன்னதோடு நிற்க முடியுமா? முப்பத்தோராம் நாள், எங்கள் பக்கத்துக் கருமாதி மாதிரி, அந்தியேட்டியும் செய்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாயிற்று.

"எனக்கு அந்தியேட்டி முடிஞ்சுது அண்ணை. அம்மா என்ரை படத்துக்கு மாலை போட்டு வைச்சிருக்கிறா. அந்த ஒரு படம்தான் வெளியிலை இருக்கலாம். வேறை படம் ஒண்டு வந்தால், தம்பி பொய் சொன்னவன் எண்டு தெரிஞ்சிடும். பேந்து அவனை விடமாட்டாங்கள்." என் கேமராவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் போடேல்லைத்தானே?"

உண்மையைச் சொல்கிறேன். இல்லை என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு, விடுதிக்குப் போய் ரகசியமாக அழித்துவிடலாம் என்று மூளை ஓடியது. ஆனால் மடிக்கணினிக்காரர் மாலைதான் வருவார்.

"நேத்தே போட்டுட்டேன்" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தி, கடையில் இருந்தவரிடம் கல்லாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் இரண்டு கதவு தள்ளி இருந்த இணையக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வலைப்பக்கத்தைத் திறந்தேன். படம் பெரிதாக நின்றது. அவர் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார்.

"வடிவாத்தான் எடுத்திருக்கிறியள்" என்றார்.

வசை எதுவும் எனக்கு அவ்வளவு உறைத்ததில்லை. படத்துக்குக் கீழே எங்கள் சங்கத்தாரின் கருத்துகள் வரிசையாக இருந்தன. 'அருமை சார்.' 'அந்தக் கண்களில் வன்னியின் வலி!' 'சோகம் கூட அழகுதான்.' எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். வலியை அளக்க அங்கே யார் போனார்கள்? வெயில் கண்ணில் அடித்ததால் அவர் முகத்தைச் சுளித்திருந்தார், அவ்வளவுதான். கடைசியாக ஒருவர், 'இதை என் பக்கத்தில் பகிரலாமா?' என்று கேட்டிருந்தார். மேலே, பார்த்தவர்கள் எழுபத்து மூன்று பேர் என்று போட்டிருந்தது.

அழிப்பதற்குக் கடவுச்சொல் போட வேண்டும். என் கடவுச்சொல் என் மனைவியின் பெயர். அடித்தேன், தவறு என்றது. மறுபடி அடித்தேன், தவறு. ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி மூன்றாம் தடவை அடித்தேன். கணக்கு ஒரு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது என்று சிவப்பில் வந்தது. இணையக் கடைக் கல்லாவில் இருந்த பெண்மணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது பிரெஞ்சுக் கீபோட். உங்கடை 'ஏ' இருக்கிற இடத்திலை இதிலை 'க்யூ' எல்லோ இருக்கு."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? வந்ததிலையிருந்து மேசையைப் போட்டுக் குத்திக்கொண்டெல்லோ இருக்கிறியள்."

திருச்சியில் அப்போது பகல் இரண்டு மணி. எங்கள் சங்கச் செயலாளரிடமும் ஒரு சாவி உண்டு. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.

"சார்! பாரிஸ்லேர்ந்தா பேசறீங்க? படம் பிரமாதம் சார்! இந்த மாசத்துச் சிறந்த படம்னு முடிவே பண்ணிட்டோம்."

"அதை எடுத்துடுங்க."

"நீங்க எடுத்ததாலதானே சார் சிறந்த படம்."

"யோவ், பக்கத்துலேர்ந்து எடுங்கய்யா! அழிங்க!"

"ஏன் சார்? அந்தாளு ஏதாவது தகராறு பண்றானா? பயப்படாதீங்க. தெருவுல நிக்கிறவன் மூஞ்சி ஊருக்கே பொது, அதுக்கு அவன்கிட்ட அனுமதி கேக்கறவன் கலைஞனே இல்லைன்னு ஆண்டு விழாவுல நீங்கதானே பேசினீங்க? எழுந்து நின்னு கைதட்டினோமே!"

பேசினேன். மேடையில், மைக் பிடித்து, அதே வார்த்தைகளில்தான் பேசினேன். என்னை ஒருவர் தப்பாக மேற்கோள் காட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த மனிதர் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அதற்காகவே அவரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. "உயிர்ப் பிரச்சினைய்யா!" என்று அலறினேன். "யார் உயிர் சார்? உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று அவர் கேட்டார். எல்லோருக்கும் என் உயிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, எனக்கும் அப்படித்தானே வந்தது!

நீல ஏப்ரன்காரர் என் கையிலிருந்து தொலைபேசியை மெதுவாக வாங்கினார்.

"வணக்கம் ஐயா. அந்தப் படத்திலை நிக்கிறது நான்தான். தயவுசெய்து அதை அழிச்சுவிடுங்கோ. கெதியா."

மறுமுனையில் சின்னக் குரலில், "சார், கெதியான்னா?"

"சீக்கிரம்யா!" என்று நானும் கடைக்காரரும் சேர்ந்து கத்தினோம்.

நான்கு தடவை பக்கத்தைப் புதுப்பித்தோம். "நிக்குதோ? இன்னும் நிக்குதோ?" என்று ஒவ்வொரு தடவையும் நீல ஏப்ரன்காரர் கேட்டார். ஐந்தாம் தடவை அந்த இடம் வெள்ளையாக இருந்தது. பகிரலாமா என்று கேட்டவரைச் செயலாளரே கூப்பிட்டு விசாரித்தார். அவர் இன்னும் பகிரவில்லை. கேமராவில் இருந்த மூன்றையும் படத்துக்குரியவர் கண்ணெதிரில் அழித்தேன். இரண்டாவது படத்தில் என் விரல் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு விரலை அழுத்தினேன். மடிக்கணினியில் இருந்த பிரதியை மாலையில் அழித்துவிட்டுக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சரி அண்ணை, வேன் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

ஊர் திரும்பியதும், அந்தப் பட்டியலைப் போட்ட வலைத்தளத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கேமராவைப் பொருட்படுத்துவதில்லை என்ற வரியை நீக்குங்கள், அவர்கள் பொருட்படுத்துகிறார்கள், பொருட்படுத்தக் காரணம் இருக்கிறது, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி, அந்த இடத்தில் எடுத்த நல்ல படம் ஏதாவது இருந்தால் அனுப்பி வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரி பல வருடம் அப்படியே இருந்தது. நான் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

படம் வலையில் இருந்தது பதினேழு மணி நேரம். பார்த்த எழுபத்து மூன்று பேரில் அந்த முகத்தை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அடுத்த வருடம் சித்திரையில் தேநீர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, தம்பியை மாசியிலேயே விட்டுவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அண்ணனைப் பற்றித் தம்பியிடம் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.